துருப்பிடிக்காத ஏரி

அலெக்சாந்திரியா
4 அக்டோபர் 2009

கடலுக்கடியில் குடித்தனம் நடத்தும் சுஹைர் அக்காவுக்கு, கரையில் தவம் கிடக்கும் தம்பி லுத்ஃபி எழுதுவது.

முதலில் சண்டை போட்டுவிடுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. உன் கப்பலுக்குக் கைபேசி எட்டாது. கேப்டனிடம் இருக்கும் சாட்டிலைட் போன் உயிர் போகிற காரியத்துக்கு மட்டும்தானாம். என் கல்யாணம் அதில் சேராது என்று சஃபாகா துறைமுகத்தில் உங்கள் அலுவலகத்து ஆள் சிரிக்காமல் சொன்னார். அதனால்தான் இந்தக் காகிதம். சஃபாகா பஸ் டிரைவரிடம் கொடுத்தால், உங்களுக்குக் குடிதண்ணீரும் வெங்காயமும் ஏற்றி வரும் படகில் போட்டுவிடுவாராம். வெங்காய வாசனை அடித்தாலும் முழுசாகப் படி.

நேற்று மறுபடியும் இன்ஜியைப் பெண் கேட்டு அவள் வீட்டுக்குப் போனேன். பஸ்பூசா இனிப்பு ஒரு பெட்டி, நம் கடை முள்ளங்கி ஊறுகாய் ஒரு ஜாடி, நான் ஒருவன். அவ்வளவுதான் ஊர்வலம். இன்ஜியின் அப்பா உஸ்தாஸ் ஃபிக்ரியைத்தான் உனக்குச் சொல்லியிருக்கிறேனே, காலமெல்லாம் டிராம் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் மனுஷரை டிக்கெட் இல்லாமல் ஏறியவனைப் பார்ப்பது போலத்தான் பார்க்கிறார். கதவைத் திறந்ததும் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"உன் வீட்ல இருந்து யாரு வந்திருக்கா?"

"அக்கா வர்றதாத்தான் இருந்துச்சு மாமா. கடல்ல வேலை."

"போன தடவையும் கடல்தானே?"

"அதே கடல்தான் மாமா."

அவர் ஜாடியை வாங்கி மேசை மேல் வைத்தார். இனிப்பைத் தொடவில்லை. "பாருப்பா, நீ நல்ல பையன். உன் ஊறுகாயும் நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் பொண்ணைக் கடைக்குக் கொடுக்க முடியாது, வீட்டுக்குத்தான் கொடுக்கணும். உன் வீடுன்னு சொல்லிக்க ஒரு ஆள் வந்து என் எதிர்ல உக்காந்து பாத்திஹா ஓதி நிச்சயம் பண்ணட்டும். அப்புறம் தேதி பேசலாம்" என்றார்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு நம் வீடு என்றால் நீயும் நானும்தான். தாந்தாவில் சித்தப்பா படுத்த படுக்கை. நீ வராவிட்டால் வேறு யாரைக் கூட்டிக்கொண்டு போவேன், முள்ளங்கி ஜாடியையா? இதற்கு நடுவே இன்ஜியின் அத்தை மகன் ஒருவன் ஜித்தாவிலிருந்து வந்து இறங்கியிருக்கிறான். அவனுக்கு அத்தைகளும் மாமாக்களும் கொட்டிக் கிடக்கிறார்கள். பெண் கேட்க வந்தால் ஒரு டிராம் நிறையும்.

22ஆம் தேதி, வியாழக்கிழமை. இதுதான் கடைசித் தவணை என்று சொல்லிவிட்டார்.

இன்னொரு புகார். கடலுக்குள் இறக்குகிற உன் இயந்திரத்தின் வயிற்றில் நம் கடை டெலிபோன் நம்பரை எழுதிவைத்திருக்கிறாயே, யாரைக் கேட்டு எழுதினாய்? கோடையில் நீ சோதனைக்கு விட்டபோது அது தப்பி ஓடிப்போனதே, அன்றைக்கு ஒரு மீனவர் போன் பண்ணி, "உங்க குண்டு எங்க வலையைக் கிழிச்சிருச்சு!" என்று கத்தினார். நான் திரும்பச் சொன்னேன், "குண்டா?" கடையில் நின்ற அத்தனை பேரும் ஊறுகாயை வைத்துவிட்டு ஓடினார்கள். அதில் ஒரு கிழவர் இன்னும் திரும்பி வரவில்லை.

நீ நலமா? சாப்பிடுகிறாயா? வந்துவிடு அக்கா.

லுத்ஃபி


செங்கடல், கப்பலிலிருந்து
8 அக்டோபர் 2009

ஊறுகாய்க்கடை சுல்தானுக்கு,

உன் கடிதம் வெங்காயத்தோடு அல்ல, தக்காளியோடு வந்தது. சிவப்பாக ஒழுகியிருந்ததைப் பார்த்துக் கேப்டன் அவத், "உன் தம்பி ரத்தத்துல எழுதியிருக்கானா?" என்றார். படித்த பிறகு அப்படித்தான் என்று சொன்னேன்.

வருவேன்டா. 22ஆம் தேதி வருவேன். நீ என்னை வாயில் வந்தபடி திட்டலாம், உனக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் ஏன் இங்கே கிடக்கிறேன் என்பதை ஒரு தடவையாவது காது கொடுத்துக் கேள். போனில் ஆரம்பித்தால் "சரி சரி, சாப்பிட்டியா" என்று வெட்டிவிடுகிறாய். காகிதத்தை வெட்ட முடியாது.

எங்களுக்குக் கீழே ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் ஓர் ஏரி இருக்கிறது. கடலுக்கு அடியில் ஏரி. சிரிக்காதே. கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பான தண்ணீர், கனத்தால் பள்ளத்தில் தங்கி, மேலே உள்ள கடலோடு கலக்காமல் தனியாகக் கிடக்கிறது. அதற்குக் கரை இருக்கிறது. மேலே சின்ன அலைகூட ஓடுகிறது. அதில் துளி பிராணவாயு கிடையாது. கப்பலிலிருந்து வடத்தில் இறக்கிய கேமராவில் ஒரு நண்டைப் பார்த்தேன். எப்போதோ தவறி உள்ளே விழுந்து செத்திருக்கிறது, ஒரு கால்கூடக் கழலவில்லை, அழுகவில்லை. அம்மா மூடி வைத்த ஜாடிக்குள் பார்ப்பது போல இருந்தது. ஆனால் அந்த மாதிரித் தண்ணீரிலும் உயிர் இருக்கும் என்று எங்களில் சிலர் நம்புகிறோம், கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள். காற்றே இல்லாமல், வெளிச்சமே இல்லாமல் எப்படிப் பிழைக்கின்றன? அங்கே எந்த மனுஷனும் போக முடியாது, லுத்ஃபி. அதனால்தான் என் கை அங்கே போக வேண்டும் என்று எனக்கு அடங்காத ஆசை. எரிமலை வாய், பனிக்கட்டிக்கு அடியில் உள்ள கடல், இந்த ஏரி, இப்படி எதைப் பற்றிக் கேட்டாலும் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. வேறு பெண்கள் நகைக்கடை வாசலில் நிற்பது போல நான் இந்தக் கப்பல் விளிம்பில் நிற்கிறேன்.

நான் கட்டிய ரோபோவை இங்கே முதல் தடவை இறக்கினோம். கடலில் அழகாக இறங்கியது. ஏரியைத் தொட்டதும் நின்றுவிட்டது! உப்புத் தண்ணீரில் முட்டை மிதப்பதை வைத்துத்தானே அம்மா உப்பு போதுமா என்று பார்ப்பாள், அதே கதை. கடலில் மூழ்குகிற என் ரோபோ அந்த ஏரியின் மேல் ஜம்மென்று மிதந்துகொண்டிருந்தது. மாலுமிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அதற்குப் பெயர் பத்தா. வாத்து என்றே கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

இப்போது அதன் வயிற்றில் இரும்புக் கட்டியைக் கட்டி உள்ளே மூழ்கடிக்கப் போகிறோம். ஏரிக்குள் போய்விட்டால் எங்கள் குரல் அதற்கு எட்டாது, ஒலி அந்த ஏரியின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். அதனால் கட்டியை மெல்லிய இரும்புக் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன். உப்பில் கம்பி துருப்பிடித்து அறுந்ததும் கட்டி விழும், பத்தா தானாக மேலே வரும். கடிகாரம், மோட்டார் எதுவும் வேண்டாம், ஆழத்தில் அதெல்லாம் காலை வாரிவிடும் என்று அடம்பிடித்தவள் நான்தான். உப்பில் இரும்பு என்ன ஆகும் என்று அலெக்சாந்திரியாக்காரிக்குச் சொல்லித்தர வேண்டுமா? நம் பால்கனிக் கம்பியை எத்தனை தடவை மாற்றியிருக்கிறோம்!

பத்தாவின் பாட்டில்களில் அந்த ஏரித் தண்ணீர் மேலே வந்ததும் கிளம்பிவிடுவேன். உஸ்தாஸ் ஃபிக்ரியிடம் சொல், இந்தத் தடவை டிக்கெட்டோடு வருவேன்.

உன் அக்கா


அலெக்சாந்திரியா
12 அக்டோபர் 2009

வாத்து மேய்க்கும் அக்காவுக்கு,

உன் கடிதத்தை இன்ஜியிடம் படித்துக் காட்டினேன். மருந்துக் கடையில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தவள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். "கடலுக்குள்ள ஏரியா? அலை வேற அடிக்குதா? இவ்வளவு பெரிய விஷயத்தை விட்டுட்டு நீங்க என்கிட்ட உங்க அக்கா ஏதோ மீன் எண்ற வேலை பாக்குறாங்கன்னுல்ல சொன்னீங்க!" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் என்ன செய்வேன், எனக்குப் புரிந்த அளவு அவ்வளவுதான்.

பிறகு அவள் முகம் மாறிவிட்டது. வீட்டில் அத்தை தினமும் வந்து உட்கார்ந்துகொள்கிறாளாம். "ஜித்தா, ஜித்தா" என்று பாட்டுப் பாடுகிறாளாம். உஸ்தாஸ் ஃபிக்ரி பதில் பேசுவதில்லை, ஆனால் வாயை மூடு என்றும் சொல்வதில்லை. "அப்பா ஒரு வார்த்தை சொல்லிட்டா மாத்த மாட்டாரு. 22ன்னா 22தான். உங்க அக்கா வரலேன்னா அன்னிக்கு நீங்க வராதீங்க. தனியா வந்து நின்னு மறுபடியும் அவமானப்பட வேணாம், என்னால பாக்க முடியாது" என்று சொல்லிவிட்டு எண்ணிய மாத்திரைகளை மறுபடியும் கொட்டி எண்ண ஆரம்பித்தாள். நான் கடைக்குத் திரும்பிவிட்டேன்.

உனக்காக வீட்டைப் பெருக்கிவைத்திருக்கிறேன். உன் நீலச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறேன். நல்ல செருப்பு போட்டுக்கொண்டு வா, கப்பலில் போடுகிற அந்த ரப்பர் சனியனோடு வந்து நிற்காதே.

பத்தா நல்லபடியாக மேலே வரட்டும். நிஜமாகத்தான் சொல்கிறேன். தொழுகையில்கூடக் கேட்டேன், ஒரு வாத்துக்காக நான் கை ஏந்துவேன் என்று நினைத்ததே இல்லை.

லுத்ஃபி


செங்கடல்
16 அக்டோபர் 2009

லுத்ஃபி,

பத்தா வரவில்லை.

இறங்கியது. ஏரிக்குள் மூழ்கியது. கேமராவில் கடைசியாகப் பார்த்தது ஏரியின் மேற்பரப்பு அதன் தலைக்கு மேலே மூடியதைத்தான். பிறகு குரல் எட்டவில்லை. அது தெரிந்ததுதான், அதற்காகப் பயப்படவில்லை. கம்பி அறுந்திருக்க வேண்டிய நேரம் வந்தது, போனது. நாங்கள் எல்லாரும் கப்பலின் மேல்தட்டில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெங்காயப் படகு வந்தபோது அதைத்தான் பத்தா என்று நினைத்து ஒருவன் கத்திவிட்டான்.

என்ன தப்பு என்று எனக்கு நேற்றுதான் உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டேன். துருப்பிடிக்க உப்பு மட்டும் போதாது, காற்றும் வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்தது. அந்த ஏரியில் பிராணவாயு இல்லை என்று உனக்கு எழுதியவளே நான்தான்! அதே அளவு உப்பைத் தொட்டித் தண்ணீரில் கரைத்துக் கம்பியைச் சோதித்தோம், டக்கென்று அறுந்தது. ஆனால் தொட்டி திறந்து கிடந்தது, காற்று தாராளமாக உள்ளே போயிருக்கிறது. உப்பென்றால் இரும்பு போய்விடும் என்று நான் பிறந்ததிலிருந்து கண்ணால் பார்த்து வளர்ந்தவள், அதனால் இன்னொரு தடவை யோசிக்கவே இல்லை. அந்த நண்டு அழுகாமல் கிடக்கிற இடத்தில் என் கம்பி மட்டும் எப்படி அரிக்கும்?

அறுந்துபோகவே போகாது என்றில்லை. மெதுவாக அரிக்கும். எப்போது என்று யாருக்கும் தெரியாது. மேலே வந்ததும் பத்தா ரேடியோவில் கூப்பிடும். அதைக் கேட்க இங்கே யாராவது இருந்தால்தான் உண்டு. அந்த ரேடியோவின் பேட்டரி கொஞ்ச நாள்தான் தாங்கும், பிறகு அது பேச்சில்லாமல் கடலில் எங்காவது போய்விடும். கப்பலைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். நான் தினமும் கேப்டனோடும் அலுவலகத்தோடும் மல்லுக்கட்டி ஒவ்வொரு நாளாக நிறுத்திவைத்திருக்கிறேன். நான் இறங்கினால் அடுத்த நிமிஷமே கப்பல் சூயஸுக்குத் திரும்பிவிடும்.

அதனால் 22ஆம் தேதி என்னால் வர முடியாது. இதை எழுதும்போது என் மீதே எனக்கு ஆத்திரமாக வருகிறது. உஸ்தாஸ் ஃபிக்ரியிடம் இன்னும் ஒரே ஒரு வாரம் கேள். நான் கேட்டதாகச் சொல். கால் பிடித்துக் கேட்கிறேன் என்று வேண்டுமானாலும் சொல்.

சுஹைர்


அலெக்சாந்திரியா
18 அக்டோபர் 2009

சுஹைர்,

கேட்கமாட்டேன். இன்னொரு வாரம் கேட்க என்னிடம் முகம் இல்லை.

இரு. உன் வாத்தோடேயே இரு. அது துருப்பிடிக்கிற வரைக்கும் காத்திரு. நான் அத்தை மகனுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, இன்ஜி கல்யாணத்துக்கு ஊறுகாய் சப்ளை செய்கிறேன். அதுதானே எனக்குத் தெரிந்த வேலை.

மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை, உனக்கும் வலிக்கட்டும். ஆனால் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து, இஸ்திரி போட்டு மாட்டிய உன் நீலச் சட்டையைப் பார்த்ததும் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. அம்மா இறந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். நீ படிப்பை ஒரு வருஷம் நிறுத்திவிட்டு முள்ளங்கி நறுக்கினாய், என்னைப் பள்ளிக்கூடத்தை நிறுத்த விடவில்லை. அதை நான் மறந்தேனா? மறக்கவில்லை. அதனால்தான் வேறு யாரையாவது, வாடகைக்கு ஒரு சித்தப்பாவைப் பிடித்து அழைத்துப் போக எனக்கு மனசு வரவில்லை. உஸ்தாஸ் ஃபிக்ரி கேட்பது ஒரு ஆளை. நான் காட்ட நினைப்பது உன்னை.

பத்தாவுக்கு என்ன ஆனாலும் எழுது. நான் கோபமாக இருக்கிறேன், ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும்.

லுத்ஃபி


அலெக்சாந்திரியா
25 அக்டோபர் 2009

ரப்பர் செருப்போடு வந்தே தீர்ந்த என் அக்காவுக்கு,

சஃபாகா பஸ்ஸில் உன்னை ஏற்றிவிட்டு வந்து இன்னும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உனக்கு எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன். நீ கூடவே இருந்தாய், இருந்தாலும் நான் சொல்கிறேன், நீ கேள். நான் பார்த்ததை நீ பார்த்திருக்க மாட்டாய்.

வியாழக்கிழமை மதியம் கடையில் குனிந்து எலுமிச்சை அடுக்கிக்கொண்டிருந்தேன். மீனும் டீசலும் கலந்து ஒரு வாசனை. நிமிர்ந்தால் நீ! தலையெல்லாம் உப்பு. "சட்டை எங்கடா?" என்றுதான் கேட்டாய், வேறு ஒன்றும் சொல்லவில்லை. "கப்பல்?" என்றேன். "கேப்டன் அவத் காத்திருக்கேன்னு சொல்லிட்டாரு, நீ இனிப்பை எடு" என்றாய். அந்த மனுஷருக்கு என் சார்பில் ஒரு முத்தம் கொடு. அவருக்கு நான் ஒரு பெரிய ஜாடி அனுப்புகிறேன்.

உஸ்தாஸ் ஃபிக்ரி கதவைத் திறந்து, வழக்கம் போல என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார் பார், அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அங்கே நீ நின்றாய். மேலிருந்து கீழ்வரை பார்த்தார், செருப்பில் கண் நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது.

"நீதான் கடல்ல வேலை செய்ற பொண்ணா?"

"ஆமா மாமா. தாமதத்துக்கு மன்னிக்கணும். நான்தான் இவன் வீடு" என்றாய்.

அக்கா, அதை நீ எப்படி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய்? அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

என்னைப் பற்றிக் கேட்பார், கடை வாடகை கேட்பார் என்று எத்தனை பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன்! ஒன்றுகூடக் கேட்கவில்லை. உன் வாத்தைப் பிடித்துக்கொண்டார். தேநீர் ஆறியது, அத்தை பெருமூச்சு விட்டுத் தீர்த்தாள், அவர் விடவில்லை. நீ கம்பிக் கதையைச் சொன்னதும் தொடையில் தட்டிச் சிரித்தாரே. "நானா இருந்தாலும் அதையேதான் நெனைச்சிருப்பேன்! இந்த ஊர்ல பொறந்தவன் எவனும் அப்படித்தான் நெனைப்பான். வா, என் பால்கனியைக் காட்டுறேன்!" என்று உன் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் துருப்பிடித்த கம்பியைக் காட்டினார். பாட்டிலை ஏன் திறக்கக் கூடாது, திறந்தால் அந்தத் தண்ணீருக்கு என்ன ஆகும் என்று இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். அதற்கப்புறம் வந்து உட்கார்ந்து கையை விரித்து, "பாத்திஹா" என்றார், அவ்வளவுதான். எல்லாரும் ஓதி முடித்து முகத்தில் கையைத் தடவிக்கொண்டபோது இன்ஜி கதவுக்குப் பின்னால் இருந்து குலவையிட்டாள். மணப்பெண்ணே குலவையிடுவதை இந்தத் தெரு இதுவரை கேட்டதில்லை.

கல்யாணம் பெருநாள் முடிந்து, டிசம்பரில்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. பஸ் கிளம்பும்போது ஏன் அழுதாய்? சந்தோஷம் என்று சொன்னாய். உன் சந்தோஷ அழுகை எனக்குத் தெரியும், அது மூக்கில்தான் ஆரம்பிக்கும். இது வேறு மாதிரி இருந்தது. பத்தா வந்ததா? எழுது.

உன் மாப்பிள்ளைத் தம்பி


சஃபாகா
31 அக்டோபர் 2009

என் தங்கத்துக்கு,

மூக்கைப் பார்த்தே கண்டுபிடிக்கிறாயே, நீ ஏன் ஊறுகாய் விற்கிறாய், போலீஸில் சேர்ந்திருக்கலாம்.

கப்பல் இல்லை. நான் இறங்கிய அன்றே சூயஸுக்குத் திரும்பிவிட்டது. காத்திருக்கிறேன் என்று கேப்டன் அவத் சொல்லவே இல்லை. "நீ இறங்கினா எனக்கு நிக்க உத்தரவு இல்லம்மா, பாத்து முடிவு பண்ணு" என்றுதான் சொன்னார், அதையும் கண் கலங்கிச் சொன்னார். நான் உன்னிடம் பொய் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் நீ என்னை அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பாய். பெருந்தன்மை காட்டுகிறேன் பேர்வழி என்று கல்யாணத்தையும் கெடுத்துக்கொண்டிருப்பாய்.

உன் கோபக் கடிதம் வந்தபோது நான் மேல்தட்டில் தொலைநோக்கியோடு நின்றுகொண்டிருந்தேன். படித்தேன். மறுபடியும் கடலைப் பார்த்தேன். அப்போது தோன்றியது, நான் பார்த்துக்கொண்டு நிற்பதால் அந்தக் கம்பி ஒரு நிமிஷம்கூட முன்னால் அறுந்துவிடாது. அது வரும்போது வரும். ஆனால் நான் போய் உட்காராமல் உன் பாத்திஹா நடக்காது. ரப்பர் செருப்பை மாற்றக்கூட நிற்கவில்லை, படகில் குதித்துவிட்டேன்.

வருத்தமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வலிக்கிறது. அதைக் கட்ட எனக்கு எத்தனை வருஷம் ஆயிற்று என்று உனக்குத் தெரியும். இங்கே மீனவர்களின் படகில் இரண்டு தடவை போய்த் தேடினேன். ஒன்றுமில்லை. ரேடியோ பேட்டரி இந்நேரம் செத்திருக்கும். இனி அது மேலே வந்தாலும் சத்தமில்லாமல் வந்து, சத்தமில்லாமல் எங்காவது போய்விடும். அந்த ஏரித் தண்ணீரை நான் பார்க்கப் போவதில்லை. அதில் உயிர் இருக்கிறதா என்று வேறு யாராவது, வேறு ஊர்க்காரர்கள் கண்டுபிடிப்பார்கள். அலுவலகத்தில் இன்னொரு ரோபோ கேட்டால், முதலில் ஒன்றைத் திருப்பிக் கொண்டுவா என்கிறார்கள். நியாயம்தான்.

ஆனால் நீ கேட்டால் மறுபடியும் அதையேதான் செய்வேன். இதை மட்டும் நம்பு.

சாமான்களை மூட்டை கட்டுகிறேன். டிசம்பருக்கு முன்னால் வந்துவிடுவேன். போனை அணைத்து வைத்திருக்கிறேன், கூப்பிடாதே. உன் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன். கடிதமே எழுது, அதுதான் நமக்கு ராசியாக இருக்கிறது.

சுஹைர்


அலெக்சாந்திரியா
14 நவம்பர் 2009

அக்கா, முதலில் உட்கார்.

உட்கார்ந்தாயா? உன் போன் இன்னும் அணைந்தே கிடக்கிறது, காலையிலிருந்து அடித்து அடித்து என் விரல் தேய்ந்துவிட்டது. அதனால் மதிய பஸ்ஸில் இந்தக் கடிதம் வருகிறது. சாயங்கால பஸ்ஸில் நானும் உஸ்தாஸ் ஃபிக்ரியும் வருகிறோம். ஒரே பஸ்ஸில் வந்து கையில் கொடுத்துவிடலாமே என்றேன். "கூடாது. கடுதாசி முன்னாடி போகட்டும். நாம கதவைத் தட்டுறப்போ பொண்ணுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும். திடுக்குனு சொன்னா மயங்கி விழுந்துடப் போறா" என்கிறார்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு நான் பல நாள் சரியாகத் தூங்கவில்லை. அதை அவரிடமும் படித்துக் காட்டினேன், மன்னித்துக்கொள். நீ கப்பலை விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்டதும் மனுஷர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். அன்றிலிருந்து தினமும் காலையில் கடைக்கு வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். வருகிறவர்களை இன்ஸ்பெக்டர் மாதிரி ஒரு பார்வை பார்க்கிறார். வியாபாரம் கொஞ்சம் படுத்துவிட்டது, என்ன செய்ய.

இன்று காலை நான் முள்ளங்கி ஜாடிக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தேன். போன் அடித்தது. அவர்தான் எடுத்தார். அந்தப் பக்கம் ஒரு மீனவர், குசைருக்குத் தெற்கே ஏதோ ஒரு சின்னக் கரை. அவர் கத்திய கத்தல் எனக்கே கேட்டது.

"ஊறுகாய்க் கடையா? இங்க மஞ்சளா, பீப்பா கணக்கா ஒண்ணு மிதந்து வந்துச்சு. மேலெல்லாம் பாசி. வயித்துல உங்க நம்பர் எழுதியிருக்கு. உங்களுதா?"

உஸ்தாஸ் ஃபிக்ரி நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். "வயித்துக்கு அடியில பாட்டிலுங்க இருக்கா பாரு!"

"இருக்கு. மூடித்தான் இருக்கு. உள்ள பழுப்பா ஏதோ தண்ணி. திறந்து மோந்து பாக்கட்டுமா?"

"கையை எடு!" தெருவே திரும்பிப் பார்த்தது, அக்கா. "கையை எடுடா சொல்றேன்! அந்தத் தண்ணி பொறந்ததுல இருந்து காத்தையே பாத்ததில்ல, திறந்தீன்னா எல்லாம் செத்துப்போகும்! நெழல்ல வை. ஈரத் துணி போட்டு மூடு. சின்னப் பசங்களை அது மேல ஏறி உக்கார விடாதே. அடியில இரும்புக் கட்டி தொங்குதா?"

"கட்டியெல்லாம் இல்ல. ஒரு துண்டுக் கம்பி தொங்குது, துருப்பிடிச்சு."

அவர் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார். என்னைப் பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணீர். நான் ஜாடிக்குள் இருந்து கையை எடுக்க மறந்து நின்றேன்.

அறுந்துவிட்டது அக்கா. உன் கம்பி அறுந்துவிட்டது. பத்தா வந்துவிட்டது, வயிறு நிறைய அந்த ஏரியோடு.

சஃபாகாவில் இறங்கியதும் உன்னையும் ஏற்றிக்கொண்டு நேரே அங்கேதான் போகிறோம். உஸ்தாஸ் ஃபிக்ரி மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொள்கிறார். இன்ஜி மீனவர் வீட்டுக்கென்று ஒரு கூடை கட்டியிருக்கிறாள். நீ அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக இரு.

மீனவர் கடைசியாக ஒன்று கேட்டார். அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை மூட எனக்கு மனசு வரவில்லை.

"சரிங்க, பத்திரமா வெச்சிருக்கேன். நீங்க யாரு பேசுறது, கம்பெனியா?"

உஸ்தாஸ் ஃபிக்ரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கம்பெனி இல்லப்பா. வீடு. அது எங்க வீட்டுப் பொண்ணு அனுப்பி வெச்சது."

லுத்ஃபி